குழலுக்கு அடியில் பாருங்கள்: பழைய கைத்துப்பாக்கிகள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் மலாய்க்காரர்களின் பித்தளை லேலா பீரங்கி பற்றி நாலு வரி எழுதியதற்கு, கைத்துப்பாக்கி பற்றிக் கேட்டு ஒரு கட்டு கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்துதான். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பால்மரத்தை எவ்வளவு பார்த்தார்களோ அவ்வளவு துப்பாக்கியையும் பார்த்தார்கள். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஐயா, எங்கள் பழைய லயத்து வீட்டைப் பிரிக்கும்போது கூரைச் சட்டத்துக்கு மேலே எண்ணெய்த் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று இருந்தது. போலீசைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டோம். அவர்கள் வருவதற்குள் தம்பி அதைத் தொடாமல் நாலு படம் எடுத்தான், அனுப்பியிருக்கிறேன். தாத்தா அதை ஜப்பான் அதிகாரி ஒருவரிடமிருந்து பிடுங்கியதாகப் பாட்டி சொல்வார். அது ஜப்பான் துப்பாக்கிதானா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, முதலில் நீங்கள் செய்த காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பழசுதானே, துருப்பிடித்ததுதானே என்று அலமாரியில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் 1971-இல் வந்த கடும் தண்டனைச் சட்டமும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, 6-க்குக் குறையாத பிரம்படி. "தாத்தாவுடையது" என்ற பேச்சை அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். காரில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவதும் சரியில்லை, நீங்கள் செய்ததுபோல் அவர்களை வரச்சொல்வதுதான் சரி. இன்னொன்று, விசையை இழுத்துப் பார்க்கவே கூடாது, 70 வருடம் உள்ளே கிடந்த தோட்டாவும் வெடிக்கும்.

இப்போது படத்துக்கு வருவோம். வலது பக்கத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே என்ஃபீல்டு, அதற்கும் கீழே நம்பர் 2 மார்க் 1, பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம், அப்புறம் 1940. இது லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த பிரிட்டிஷ் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. இந்த ரிவால்வரை அவர்கள் ராணுவத்தில் சேர்த்தது 1932-இல். 1938-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும் சிப்பாய்களுக்குத் தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கொம்பு எதிலாவது மாட்டிக்கொண்டது என்பதால் அதை எடுத்துவிட்டார்கள், அந்த மாற்றத்துக்கு அடையாளம்தான் அந்த நட்சத்திரம். உங்கள் தம்பி எடுத்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சுத்தியலின் பின்பக்கம் மொட்டையாக இருக்கும். எழுத்தும் உருவமும் ஒத்துப்போகின்றன.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ்காரர்களின் ஆயுதங்கள் ஏராளமாக ஜப்பான்காரர்கள் கையில் சேர்ந்தன, அதில் ஒன்று ஓர் அதிகாரியின் இடுப்பில் தொங்கியிருக்கலாம். உலோகம் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்பதை மட்டும் சொல்லும், யார் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாது. பாட்டி சொன்னதை அவர் சொன்ன மாதிரியே தனியாக ஒரு நோட்டில் எழுதி, படங்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். சேகரிப்பவர்கள் கணக்கில் இது 'பழம்பொருள்' வரிசையிலும் வராது. அமெரிக்கச் சட்டம் 1898-ஆம் ஆண்டு வரை செய்ததைத்தான் பழம்பொருள் என்கிறது; பிரிட்டனில் 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், அதோடு வேறு நிபந்தனைகளும் உண்டு. அவையெல்லாம் அந்தந்த நாட்டுக்கு. நமக்கு அதில் ஒரு சலுகையும் கிடையாது.

கேள்வி: மிஷின் இல்லாத காலத்தில் இரும்புக்குழாயை எப்படி ஐயா செய்தார்கள்? துளை போடுவதே பெரிய வேலையாக இருந்திருக்குமே. (கோல கங்சார் மாணவர்)

பதில்: தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள். தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்து அரம் பிடித்தவன் நான், இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது.

முழு இரும்பில் துளை போடவில்லை. தட்டையான ஓர் இரும்புப் பட்டையை உலையில் வெண்சூடாகக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்போடு விளிம்பைச் சேர்த்துச் சுத்தியலால் அடித்தே ஒட்டுவார்கள். பற்றவைப்பு என்று இன்றைக்கு நாம் சொல்லும் மின்சார வேலை இல்லை, சூடும் அடியும் மட்டும்தான். ஒரு தடவையில் சில அங்குலம்தான் ஒட்டும், மறுபடி உலை, மறுபடி பட்டடை. அப்புறம் உள்ளே துரப்பணத்தை விட்டுக் கடைந்து, வெளியே சாணைக்கல்லில் தேய்ப்பார்கள். இந்த ஒட்டு நீளவாக்கில் இருப்பதால் வெடிக்கும் அழுத்தத்தில் அங்கேதான் பிளக்கும். அதனால் நல்ல குழல் செய்கிறவர்கள் குறுகிய பட்டையைக் கம்பியின் மேல் நாடாப்போல் சுற்றிச் சுற்றி ஒட்டினார்கள். அதற்கும் ஒரு படி மேலே போய், இரும்புக் கம்பிகளையும் உருக்குக் கம்பிகளையும் அடுக்கி, சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கைப் பட்டையாக அடித்து, அதைச் சுற்றினார்கள். அதன் மேல் அமிலம் பட்டால் இரும்பு ஒரு நிறம், உருக்கு ஒரு நிறம், பாம்புத்தோல் மாதிரி வரி வரியாகத் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்று சொல்வது இதைத்தான். நம் பழைய தென்னாட்டு உருக்கு இது என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. அந்த உருக்கு மூசையில் உருக்கியது, அதன் வரி உள்ளுக்குள்ளேயே விளைந்தது. இது முறுக்கி ஒட்டியதால் வந்த வரி.

பழைய குழல்களில் தெரியும் பழுப்பு நிறமும் சாயம் கிடையாது. உப்புக் கரைசலைத் தடவி வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, மறுபடி தடவி, நாள்கணக்கில் செய்வார்கள். துப்பாக்கியின் உடல்சட்டம், விசை, பூட்டுத்தகடு (மருந்தைப் பற்றவைக்கும் பொறியைப் பூட்டு என்பார்கள், அதைத் தாங்கும் தகடு) முதலியவற்றை எலும்புக்கரி, தோல்கரியோடு பெட்டியில் அடைத்துக் காய்ச்சித் தண்ணீரில் கொட்டினால் மேல்தோல் மட்டும் கெட்டியாகும், கூடவே நீலம், சாம்பல், வைக்கோல் நிறம் என்று மேகம்போல் வண்ணம் படியும்.

எனக்கு மிகவும் பிடித்தது மரவேலை. வால்நட் கட்டையில் பூட்டுத்தகடு உட்காரப் பள்ளம் வெட்ட வேண்டும், மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. தச்சர் அந்தத் தகட்டை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து மரத்தில் அழுத்துவார். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் இன்னும் மேடாக இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுப்பார். மறுபடி புகை, மறுபடி அழுத்தம், மறுபடி சீவல். இரண்டு தகடுகள் ஒட்டிச் சேரும் முகத்தை நாங்களும் பட்டறையில் நீலச்சாயம் தடவி இதே முறையில்தான் பார்ப்போம். இருநூறு வருடத்துக்கு முந்தைய பர்மிங்காம் தச்சரும் நானும் ஒரே வேலையைச் செய்திருக்கிறோம் என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ததில்லை. பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் குழலுக்கு ஒருவர், பூட்டுக்கு ஒருவர், விசைக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர், செதுக்க ஒருவர் என்று தெருத்தெருவாகத் தனித்தனிப் பட்டறைகள். லியேஜில் பலர் வீட்டிலேயே செய்தார்கள். ஒரு பூட்டுக்குச் செய்த திருகாணி இன்னொரு பூட்டில் சேராது, அதனால் ஒரே துப்பாக்கியின் உறுப்புகளுக்கு உள்பக்கம் அரத்தால் இரண்டு கீறலோ மூன்று கீறலோ ஒரே மாதிரி போட்டுவைப்பார்கள். சேகரிப்பவர் ஒரு பழைய துப்பாக்கியைப் பிரித்தால் முதலில் தேடுவது அந்தக் கீறலை. குழலைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் குழல் செய்தவரின் முதலெழுத்தும் இருக்கும். மேலே கடைக்காரர் பெயர் அழகாகச் செதுக்கியிருக்கும், அடியில் உழைத்தவர் பெயர் ஒளிந்திருக்கும்.

கேள்வி: குழலில் 'லண்டன்' என்று செதுக்கியிருந்தால் அது லண்டனில் செய்ததுதானே? (தாப்பா வாசகர்)

பதில்: இல்லை அண்ணே. லண்டன் பெயருக்கு விலை அதிகம் என்பதால் பர்மிங்காமிலும் லியேஜிலும் செய்ததற்குக்கூட லண்டன் என்று செதுக்கி விற்றார்கள். பெயரை விட்டுவிட்டுச் சோதனை முத்திரையைத் தேடுங்கள். குழலில் அளவுக்கு மேல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். அது அரசு அதிகாரம் பெற்ற இடத்தில் நடக்கும் என்பதால் அதில் பொய் குறைவு. லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கம் 1637-இல் பட்டயம் பெற்றது, அவர்கள் முத்திரை கிரீடத்தின் கீழே ஜி, பி இரண்டும் பின்னியது, இன்னொன்று கிரீடத்தின் கீழே வி. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் வந்தது, 1904 வரை அங்கே கிரீடத்தோடு குறுக்கே வைத்த இரண்டு செங்கோல். லியேஜ் முத்திரை நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி, அதன் கீழே நட்சத்திரம். 1893-க்குப் பிறகு அந்த வட்டத்தின் தலையில் கிரீடம் வைத்தார்கள். 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று எழுதிய குட்டி ரிவால்வர்கள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன, சுழல் உருளையில் பார்த்தால் நிறைய துப்பாக்கிகளில் இந்த லியேஜ் வட்டம் இருக்கும். கிரீடம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே 1893-க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: அரும்பொருளகத்தில் எடுத்த ஜப்பான் கைத்துப்பாக்கிப் படத்தில் ஓர் எழுத்தும் 17.5 என்ற எண்ணும் தெரிகின்றன. அது என்ன அளவு? (செம்மோர் ஆசிரியை)

பதில்: அளவு இல்லை டீச்சர், வருடமும் மாதமும். அந்த எழுத்து ஷோவா பேரரசர் ஆட்சியைக் குறிக்கும். 17 என்பது ஷோவா வருடம், அதோடு 1925-ஐக் கூட்டுங்கள், 1942 வரும், 5 என்றால் மே மாதம். ஜப்பான் கைத்துப்பாக்கிகளில் 'டைப் 14' என்று ஒன்று உண்டு, பெயரில் வரும் அந்த 14 வேறு கணக்கு, அது தைஷோ ஆட்சியின் 14-ஆம் வருடம், அதாவது 1925-இல் ஏற்றுக்கொண்ட மாதிரி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒரு சந்தையில் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் உள்ள சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி பார்த்தேன், 900 வெள்ளி சொல்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? படம் இணைத்துள்ளேன். (ஈப்போ வாசகர்)

பதில்: வாங்காதீர்கள் தம்பி. நிஜமாக இருந்தால் மேலே சொன்ன சட்டம், போலியாக இருந்தாலும் போலி ஆயுதம் வைத்திருப்பது அதே 1960 சட்டத்தில் குற்றம். 900 வெள்ளி கொடுத்துத் தலைவலி வாங்குவானேன்.

ஆனால் படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று, எப்படிப் பார்ப்பது என்று காட்டலாம். 'டவர்' என்பது லண்டன் டவர் கோட்டையில் இருந்த அரசு ஆயுதசாலையின் முத்திரை, உங்கள் படத்தில் அதன் கடைசி ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் இன்னொரு துப்பாக்கியைப் பார்த்துக் குத்தியது அது. பாகிஸ்தான் எல்லையில் தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே நகல் செய்கிறார்கள், அந்தப் பக்கத்துச் சரக்குகளில் இப்படித் திரும்பிய எழுத்து சாதாரணம். கம்பெனித் துப்பாக்கி என்றால் கம்பெனி முத்திரை வேண்டும், முந்தையதில் நாலாகப் பிரித்த இதய வடிவம், 1808 வாக்கில் இருந்து எழுந்து நிற்கும் சிங்கம். இதில் இரண்டும் இல்லை.

இப்போது திருகாணித் தலைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பழைய திருகாணியில் வெட்டு ஒடுக்கமாக இருக்கும், கையால் அறுத்தது என்பதால் பல நேரம் நட்ட நடுவில் இருக்காது. உங்கள் படத்தில் எல்லாம் அகலமாக, அச்சில் வார்த்தமாதிரி ஒரே சீராக இருக்கின்றன. பிடியின் அடிப்பக்கத்தில் ஒன்று கூட்டல் குறி வெட்டு! அந்த மாதிரித் திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பித்தளைக் குமிழில் மணல் வார்ப்பின் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, பழையதில் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். மருந்துக் கிண்ணத்திலிருந்து குழலுக்குள் நெருப்புப் போகும் ஓட்டையைப் பாருங்கள், ஓட்டையே இல்லை, வெறும் பள்ளம். எந்தக் காலத்திலும் சுடவே முடியாத பொருள் அது.

இதைவிடச் சூதான ஏமாற்று ஒன்று உண்டு. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வேட்டைப் பிரியர், கல்லின் தீப்பொறியைப் பார்த்ததுமே பறவைகள் தப்பிவிடுகின்றன என்று யோசித்து, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தும் பூட்டுக்கு 1807-இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கேப்பு, அதாவது அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த குட்டி உலோகத் தொப்பி. கேப்பு வந்ததும் கல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலர் அதையே கேப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். கல் துப்பாக்கிக்குத்தான் இப்போது விலை அதிகம் என்பதால் சில வியாபாரிகள் அதை மறுபடி கல்லுக்கு மாற்றி, ஒரு கையும் படாதது என்று விற்கிறார்கள். பூட்டுத்தகட்டில் அடைத்த ஓட்டைகளின் வட்டத் தடம் தெரிகிறதா, கிண்ணத்தைச் சுற்றிய உலோகம் மற்ற இடத்தைவிடப் புதிதாக இருக்கிறதா, தகட்டின் உள்பக்கத்தில் பற்றவைத்த கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கோல்ட் ரிவால்வரில் ஒரே எண் பல இடத்தில் இருப்பது ஏன்? (பீடோர் வாசகர்)

பதில்: சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர், மிஷினை நம்பியவர், 1853-இல் லண்டனிலேயே ஒரு தொழிற்சாலை திறந்தார், அது சில வருடத்தில் மூடப்பட்டது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் முந்தையது. 1813-இல் சிமியன் நார்த் என்பவர் அமெரிக்க அரசுக்கு 20,000 கைத்துப்பாக்கி செய்துதர எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது. ஆனாலும் கடைசிப் பொருத்தத்துக்கு அரம் வேண்டியிருந்தது. எந்தத் துண்டு எதற்குப் பொருத்தியது என்று மறக்காமல் இருக்கக் குழல், சட்டம், விசைக்காப்பு, உருளை, குழலைப் பிடிக்கும் சின்ன ஆப்பு என்று எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். எல்லா எண்ணும் ஒத்தால் ஒரு விலை, ஆப்பு எண் மட்டும் வேறாக இருந்தால் கொஞ்சம் குறையும், உருளையே வேறு என்றால் நிறைய குறையும்.

கோல்டின் 1851 நேவி மாதிரியின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உண்டு, 1843 மே 16-இல் டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய சண்டை. எஃகு உருளையை அழுத்தி உருட்டிப் பதித்தது, ஆழம் கிடையாது, உறையில் உரசி முதலில் அழிவதே அதுதான். மற்ற இடமெல்லாம் தேய்ந்து, கப்பல் மட்டும் பாய்மரத்தோடு பளிச்சென்று நின்றால் சந்தேகப்படுங்கள். 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியில் இதன் நகல்களைச் செய்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லாமல் இத்தாலிய முத்திரையோடுதான் விற்கிறார்கள். பின்னால் வாங்கியவர்தான் அந்த முத்திரையை அரத்தால் எடுத்துவிட்டு அசல் என்கிறார். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் குழலின் மேல் பார்வையை ஓடவிட்டால், அரம் பட்ட இடம் லேசான குழியாகத் தெரியும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் உரிமத்தோடு ஒரு பழைய கேப்புத் துப்பாக்கி வைத்திருக்கிறார். துருவை எடுக்க நம் தோட்டத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் போதுமா என்று கேட்கிறார். எழுத்தெல்லாம் மங்கிவிட்டதாம். (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: வேண்டாம், இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த ஆசிட் துருவை மட்டும் தின்னாது, நான் மேலே சொன்ன பழுப்பையும் மேகவண்ணத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், அதுதான் அந்தத் துப்பாக்கியின் வயதுக்குச் சாட்சி. மெல்லிய எண்ணெய் தடவி இரண்டு நாள் விடச்சொல்லுங்கள், அப்புறம் பருத்தித் துணி. மேலே உதிரும் செந்துரு அதிலேயே வந்துவிடும், வராததை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். மரத்துக்கு வார்னிஷ் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டறையில் சேர்ந்த புதிதில், பெரிய பங்களாவின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேப்புத் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கப் போகிறோம், கொஞ்சம் சுத்தமாக்கிக் கொடு என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி என்னிடம் தந்தார். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று உப்புத்தாள் எடுத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். குழலின் இடது பக்கத்தில் பிடிக்குக் கிட்டே இரண்டு குட்டிக் குறிகள் இருந்தன, துருக்கறை என்று நினைத்து அதை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சாயங்காலம் வெள்ளிக் கரண்டி மாதிரி மின்னியது, கிராணி தட்டிக்கொடுத்தார். அந்த இரண்டும் சோதனை முத்திரைகள் என்று எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. கண்ணை மூடினால் ஒன்றின் மேல் கிரீடம்போல் மூன்று புள்ளிகள் இருந்தது ஞாபகம் வருகிறது. அதன் கீழே என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அண்ணனைக் குழலின் இடது பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த இதழுக்குள் பார்த்துச் சொல்கிறேன்.